வெளிச்சுவர்ப் பூச்சைக் கொத்துமுன்: பிழை எங்கே, என்ன செய்வது

தைப்பொங்கல் கழிந்து மாரி ஓய்ந்ததும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "தம்பி, முன்சுவர்ப் பூச்சு கழண்டு விழுது. முழுக்கக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசித் தாங்க." போய்ப் பார்த்தால் பத்தில் ஏழு வீட்டில் முழுவதையும் எடுக்கத் தேவையே இருக்காது. மிச்ச மூன்றில் பூச்சை எடுத்தால் மட்டும் போதாது. உப்போ ஈரமோ துருவோ உள்ளே இருக்கும், பூச்சு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும், அவ்வளவுதான். காட்டிக்கொடுத்தவனை அடித்துவிட்டுக் கள்ளனை உள்ளே விட்டால் இரண்டு மாரிக்குள் அதே சுவருக்கு மறுபடி கூலி கொடுக்க வேண்டிவரும்.

உளி எடுப்பதற்கு முன் சுவர் எந்த வகை என்று தெரிய வேண்டும். திருகோணமலையில் பொதுவாக மூன்று வகை உண்டு. பெருந்தெருப் பக்கமும் டச்சுக்குடாப் பக்கமும் இன்னும் நிற்கிற பழைய வீடுகளில் முருகைக்கல்லோ செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்கள் இருக்கும். அடுத்தது செங்கல்லைச் சீமெந்தில் கட்டிச் சீமெந்தாலேயே பூசியது. மூன்றாவது சீமெந்துக் கல் வீடு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் அவசரத்தில் எழும்பியவற்றில் பெரும்பாலானவை இந்த வகை.

உதிர்ந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். வெள்ளையாக, மாவாக, இடையில் சிப்பித் துண்டோ சுண்ணாம்புக் கட்டியோ தெரிந்தால் சுண்ணாம்புப் பூச்சு. சாம்பல் நிறமாக, நசுங்காமல், ஆணியால் கீறினால் கோடு மட்டும் விழுந்தால் சீமெந்து. வெளியில் சாம்பல் படை, அதற்குப் பின்னால் வெள்ளைப் படை என்று இரண்டும் சேர்ந்து வந்தால், பழைய சுண்ணாம்புச் சுவருக்கு யாரோ பிறகு சீமெந்துச் சட்டை போட்டிருக்கிறார்கள். நான் பார்த்த மோசமான சுவர்கள் எல்லாம் இந்தச் சட்டை போட்டவைதான்.

கோட்டைக்குள்ளோ அதை ஒட்டியோ ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் என்றால் தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் உளி வைக்கவே வேண்டாம். இங்கே சொல்லப்போவது சாதாரண வீடுகளுக்கு.

தட்டினால் பொத்தென்று கேட்கிறது, ஆனால் விழவில்லை

சுத்தியலின் மரப்பிடியால் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். பிடித்திருக்கிற இடம் "டிக்" என்று சின்னதாக, இறுக்கமாகக் கேட்கும். கழன்ற இடம் பழுத்த பூசணிக்காயைத் தட்டினதுபோல் "பொத்" என்னும். சத்தம் மாறுகிற இடத்தில் சோக்கால் கோடு போடுங்கள். பக்கத்தில் வானொலி பாடினால் நிறுத்தச் சொல்லுங்கள், இது காதால் செய்கிற வேலை.

சுவர் முழுக்கத் தட்டி முடித்து நாலு பாகம் தள்ளி நின்று பார்த்தால் சோக்குக் கோடுகளே கதையைச் சொல்லிவிடும். பீலி முடிகிற மூலைக்குக் கீழே மட்டும் என்றால் கூரைத் தண்ணீர். யன்னலுக்குக் கீழே இரண்டு பக்கமும் மீசை மாதிரி என்றால் யன்னல் படியில் சரிவு இல்லை. அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை என்றால் நிலத்து ஈரம். இப்படிக் காரணம் தெரிந்தால் முதலில் பீலியையோ படியையோ திருத்துங்கள். பிறகு கோட்டுக்குள் இருப்பதை மட்டும், கோட்டுக்கு வெளியே நாலு அங்குலம் சேர்த்து எடுங்கள். சுவரில் பாதிக்கு மேல் பொத்தென்றால்தான் முழுவதையும் எடுக்கிற பேச்சு. அதற்குக் குறைவாக இருக்கும்போது முழுவதையும் உடைக்கச் சொல்கிறவருக்கு நாள் கூலி தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிழை சொல்லவில்லை, எனக்கும் தேவைதான்.

ஓட்டையின் ஓரத்தைக் கிரைண்டரால் நேர்கோடாக வெட்டிவிட்டுப் பிறகு உளி வையுங்கள். வெட்டாமல் உடைத்தால் நல்ல பூச்சும் இழுபட்டு வரும், ஓட்டை உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடியில் உவர் பூத்து, பூச்சு மாவாக உதிர்கிறது

உப்புவெளி, உவர்மலை என்று ஊர்ப் பெயரிலேயே உப்பை வைத்திருக்கிறவர்கள் நாங்கள். சுவரில் அது பூத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால்தான் எடுக்கும் முறையும் விளங்கும்.

கடல் உப்பு காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே காற்று காயும்போது மறுபடி பளிங்காகும். பளிங்காகும்போது பூச்சின் நுண்துளைக்குள் இருந்து நெம்பும். வாடை மழைக்காலத்தில் கரைந்து, தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்றில் காய்ந்து, ஒரு நாளுக்குள்ளேயே விடியலில் கரைந்து நடுப்பகலில் காய்ந்து, இப்படியே ஆயிரம் தடவை நெம்பினால் சீமெந்தும் மாவாகும். அதனால்தான் "மழையே இல்லை, ஆனாலும் காலையில் சுவர் நனைஞ்சிருக்கு" என்று சனம் சொல்லும். எங்கும் ஒழுகவில்லை. சுவருக்குள் இருக்கிற உப்பு காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறது.

உவர்மலையில் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் வீடு. பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அடியில் உவர் பூக்கிறது என்று முன்பு ஒரு தடவை மூன்றடி உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சு, இன்னொரு தடவை அதற்கு மேல் தண்ணீர் புகாத பெயின்ற் அடித்திருந்தார்கள். நான் போகும்போது உவர் ஐந்தடியில் நின்றது. ரீச்சருக்குக் கோபம். "மூன்றடியில இருந்ததை ஐந்தடிக்கு ஏத்தினதுக்கா தம்பி நான் காசு குடுத்தேன்?" அவர் சொன்னது முழு உண்மை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் அடைத்த இடத்துக்கு மேலே ஏறி அங்கே வெளியேறும். அடைக்க அடைக்க உயரும்.

இந்தச் சுவரில் எடுக்கும் ஒழுங்கு வேறு. உவர் தெரிகிற கடைசிக் கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி வரை பூச்சை எடுக்க வேண்டும், உப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. கற்களுக்கு இடையிலுள்ள சாந்து உதிர்ந்திருந்தால் முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். கொத்தும்போது கீழே பொலித்தீன் விரித்திருக்க வேண்டும். விழுகிற ஒவ்வொரு துண்டிலும் உப்பு இருக்கிறது. அதை அத்திவாரத்தோரம் கூட்டிவிட்டால் அடுத்த மழைக்கு அதே உப்பு அதே சுவருக்கு ஏறும்.

பிறகு சுவரைக் கழுவாதீர்கள். எல்லோரும் விடுகிற பிழை இது. தண்ணீர் அடித்தால் மேலே பூத்த உப்பு கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த தும்புப் பிரஷால் துடைத்து, பொலித்தீனில் விழுந்ததை அள்ளி எறியுங்கள். ஒரு கிழமை விட்டுப் பாருங்கள், மறுபடி பூத்திருக்கும். மறுபடி துடையுங்கள். மாசி, பங்குனியில் பூச்சை எடுத்து, கச்சான் காலம் முழுக்கச் சுவரைத் திறந்தே விட்டு, ஆவணி கடைசியில் பூசுவதுதான் என் வழக்கம். கச்சானைவிட மலிவான உலர்த்தி இந்த ஊரில் இல்லை. சுவரின் தடிப்பு ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மாதம் காயவிட வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அவ்வளவு நாள் பொறுக்க யாருக்கும் மனம் வராது, ஆனால் ஒரு கிழமையில் பூசக்கூடாது என்பதற்காவது அந்தக் கணக்கு உதவும்.

ரீச்சர் ஆறு மாதம் செங்கல் தெரிய வீட்டை வைத்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் "காசு முடிஞ்சுதா?" என்று கேட்டார்களாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரே பிரஷோடு நின்று துடைத்தார். முதல் மாதம் ஒரு சிரட்டை நிறைய வெள்ளைத் தூள் சேர்ந்தது. ஐந்தாம் மாதம் சிரட்டையின் அடி மறையவில்லை. அப்போதுதான் பூசினோம், சீமெந்து இல்லாமல், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். உள்ளே மிச்சம் இருக்கிற உப்பு இந்தப் பூச்சுக்கு வரும், சில வருடத்தில் இதைத் தின்னும். தின்னட்டும். பூச்சைத் தின்றால் மாற்றலாம், செங்கல்லைத் தின்றால் என்ன செய்வது? அதற்கு மேல் சுண்ணாம்பு வெள்ளையே அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் பழைய கதைதான்.

வீட்டைச் சுற்றி முற்றத்து மண் அல்லது சீமெந்துத் தரை வீட்டின் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வருடக்கணக்காக மண் போட்டுப் போட்டு உயர்ந்திருக்கும். அதை அரை அடியாவது தாழ்த்தி, தண்ணீர் கானுக்கு ஓட வழி விடாமல் மேலே என்ன பூசினாலும் வீண்.

உளி வைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வருகிறது

உடனே நிறுத்துங்கள். பூச்சு கல்லைவிடப் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். செங்கல்லுக்குச் சூளையில் வெந்த வெளித்தோல்தான் கவசம், அது போனால் உள்ளே இருப்பது பிஸ்கட் மாதிரி. முருகைக்கல்லில் இன்னும் மோசம், துண்டாகவே கழன்று வரும். மாற்றுக் கல்லும் இலேசில் கிடைக்காது, கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை.

பெரும்பாலும் பிழை உளியைப் பிடிக்கும் கோணத்தில் இருக்கும். சுவருக்கு நேர்குத்தாக வைத்து அடித்தால் அடி முழுவதும் கல்லுக்குப் போகும். உளியைச் சுவரோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்து, ஏற்கெனவே பொத்தென்று கேட்ட ஓரத்திலிருந்து பூச்சுக்கும் கல்லுக்கும் இடையே நுழையுங்கள். மெல்லிய, அகன்ற உளி, இரண்டு இறாத்தல் சுத்தியல் போதும். அடிப்பதைவிட நெம்புவது கூட இருக்க வேண்டும். மின் பிரேக்கரை இந்தச் சுவருக்குக் கொண்டுவருகிறவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியும் முகம் வந்தால் கிரைண்டரில் பூச்சின் தடிப்புக்கு மட்டும் ஆழம் வைத்து அரை அடிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றாக நெம்பிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நன்றாகப் பிடித்திருக்கிற பூச்சை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நீட்டாக ஒரு வெடிப்பு, ஓரத்தில் துருக்கறை

இது பூச்சு வேலையே இல்லை. யன்னலுக்கு மேல் லிண்டலிலோ தூணிலோ பீமிலோ கம்பி ஓடுகிற கோட்டோடு வெடித்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் கொங்கிறீற்றைத் தள்ளி வெடிக்க வைக்கிறது. கரையோரத்தில் கட்டும்போது கடல் மணலோ உவர்க் கிணற்றுத் தண்ணீரோ போட்டிருந்தால் இருபது வருடத்துக்குள்ளேயே இது வரும்.

வெடிப்புக்கு மேல் பூசி மறைத்தால் இரண்டு வருடத்தில் பெரிய துண்டாக, யாருடைய தலையிலாவது விழும். செய்ய வேண்டியது: முதலில் பீமுக்கோ லிண்டலுக்கோ கீழே முட்டுக் கொடுப்பது. பிறகு துருவில்லாத நல்ல கம்பி தெரியும் வரை இரண்டு பக்கமும் கொங்கிறீற்றை எடுப்பது. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையுமளவு, ஏறத்தாழ முக்கால் அங்குலம், எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசுவது பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் துலக்குவது போல. கம்பி பிரஷால் வெள்ளை இரும்பாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கென்று விற்கிற திருத்தச் சாந்தால் நிரப்பலாம். கம்பி ஓரிடத்தில் பென்சில் முனைபோல் மெலிந்திருந்தால் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் யாரும் கை வைக்கக்கூடாது.

பூச்சு அசையமாட்டேன் என்கிறது

அப்படியென்றால் ஏன் எடுக்கிறீர்கள்? வெடிப்பில்லை, பொத்தில்லை, உவரில்லை, பழைய சொரசொரப்புப் பூச்சின் தோற்றம் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம் என்றால் உளியை வைத்துவிடுங்கள். முனைகளை மட்டும் சுரண்டித் தட்டி, தூசு போகக் கழுவி, ஒரு பங்கு சீமெந்தும் இரண்டு பங்கு மணலும் குழம்பு பதத்தில் எறிந்து (எறிபூச்சு என்பது இதுதான்), அது காய்ந்த பிறகு மேலே மெல்லிய படையாகப் பூசிவிடலாம். பழைய பெயின்ற் மினுங்கினால் அதை மட்டும் சுரண்டுங்கள், மினுக்கத்தில் எதுவும் ஒட்டாது. அந்தப் பெயின்ற் பழைய எனாமல் என்றால் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள், சின்னப் பிள்ளைகளை அண்டவிட வேண்டாம்.

மேலே கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்

பாசி. பிரஷ், தண்ணீர், கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போதும். பூச்சை எடுக்க ஒரு காரணமும் இல்லை. நிழல் தருகிற மாங்கொப்பு இருந்தால் வெட்டுங்கள்.

சின்னச் சின்ன வட்டங்களாகக் கழல்கிறது

வேறு ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டும், எங்களுக்குத் தேவையில்லை. போர்க்காலத்தில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டையையும் செல் துண்டு பட்ட ஓட்டையையும் அந்தந்தக் காலத்தில் கிடைத்த சீமெந்தால் அடைத்திருப்பார்கள். சில இடங்களில் இரும்புத் துண்டு உள்ளேயே இருக்கும், அது துருப்பிடித்து அடைப்பைத் தள்ளும். வட்டத்தைச் சதுரமாக வெட்டி, இரும்பைத் தோண்டி எடுத்துவிட்டு நிரப்புங்கள். துண்டாக இல்லாமல் முழுசாக ஏதாவது தெரிந்தால் தொடாமல் தூரப் போய்ப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கார ஐயா அப்படி ஒரு வட்டத்தை மட்டும் தொடவேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சுற்றிப் பூசிவிட்டு வந்தோம்.

உளி கம்பியிலோ குழாயிலோ முட்டுகிறது

பீமும் கல்லும் சந்திக்கிற கோட்டில் கோழிக்கூட்டு வலை வைத்துப் பூசியிருப்பார்கள். வலையைப் பிடித்து இழுத்தால் எடுக்க நினைக்காத பூச்சும் பாய் சுருட்டினதுபோல் கூடவே வரும். இரண்டடிக்கு ஒரு முறை கிரைண்டரால் வெட்டி வெட்டி எடுங்கள்.

மின் குழாய்தான் பயம். வெளிவிளக்கு, மணி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பூச்சுக்குள் வயர் ஓடும், பெரும்பாலும் பெட்டியிலிருந்து நேராக மேலேயோ கீழேயோ. அந்தக் கோட்டைச் சோக்கால் போட்டுவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள். விளக்கின் சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டுத் தொடங்குவது முட்டாள்தனம். கிரைண்டருக்கு மின்சாரம் பக்கத்து வீட்டில் கேட்டு எடுக்கலாம்.

தூசு தாங்க முடியவில்லை

மணலுள்ள பூச்சை வெட்டும்போது பறக்கிற மெல்லிய தூசு நுரையீரலில் போய்த் தங்கும், திரும்பி வராது. முகத்தில் கட்டுகிற துவாய் அதைத் தடுக்காது, என்95 மாஸ்க் வேண்டும். உப்புச் சுவர் இல்லையென்றால் வெட்டுகிற கோட்டை நனைத்துக்கொண்டே வெட்டுங்கள். உப்புச் சுவர் என்றால் நனைக்காமல், கிரைண்டரை ஒதுக்கிவிட்டு உளியாலேயே செய்யுங்கள். கச்சான் அடிக்கிற நாளில் பக்கத்து வீட்டு உடுப்புக்கொடியையும் பார்த்துத் தொடங்குவது நல்லது.

புதிதாகப் பூசியதும் கழல்கிறது

பூசி ஒரு மாதத்துக்குள் வலை மாதிரி வெடித்தால் காய்ந்த வேகம் காரணம். பழைய சுவரை நனைக்காமல் பூசியிருந்தால் சுவரே சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கச்சானில் பூசிவிட்டு நிழல் கொடுக்காவிட்டால் காற்று உறிஞ்சிவிடும். முதல் நாள் பின்னேரமும் பூசுகிற காலையிலும் சுவரை நனையுங்கள். தண்ணீர் வடியக்கூடாது, சுவர் குளிர்ந்திருந்தால் போதும். பூசினது கையில் ஒட்டாமல் இறுகியதும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஏழு நாள் ஈரம் காயவிடாதீர்கள்.

பலகையாகக் கழன்று வந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். செம்மண் தூசு ஒட்டியிருந்தால் சுவரைத் துப்புரவாக்காமல் பூசியிருக்கிறார்கள். சுத்தமாக, வழுவழுப்பாக இருந்தால் சுவரில் பிடிமானம் இல்லை, எறிபூச்சை விட்டுவிட்டார்கள். நரம்பு நரம்பாக வெள்ளை படர்ந்திருந்தால் மணலில் உப்பு.

மணலில் உப்பு என்பது எனக்கே நடந்தது. மகாவலி மணல் என்று ஒரு லோட் வாங்கினேன். மகாவலி ஆறுதான், ஆனால் அது கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிற ஆறு. எந்த இடத்தில் அள்ளினார்கள் என்று நான் கேட்கவில்லை. நாலாம் மாதம் அந்தச் சுவர் பூத்தது. என் செலவில் எடுத்துத் திருப்பிப் பூசினேன், விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு லோட்டிலும் நடுக்குவியலில் இருந்து ஒரு கை மணலைக் கண்ணாடிப் போத்தலில் நல்ல தண்ணீரோடு குலுக்கி வைக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் மேலே சேறு படியும். மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேறு நின்றால் அந்த லோட் வேண்டாம். அப்புறம் மேல்தண்ணீரில் விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவேன். ரக்ரர்காரர் சிரிப்பார். கரித்தால் இறக்கவிடுவதில்லை.